இடக்கைச் சமையல்

கத்தியக்காவின் வலக்கையில் இரண்டு விரல்கள் போன இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம், அவள் அடுப்படியைத் தன் நாத்தனாரிடமிருந்து திரும்பப் பிடித்தாள். பிடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். நான் தையல்காரன். மெஷினை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருக்கிறேன். மிதிப்பதை நிறுத்தினால் போதும், அந்தப் பக்கம் எண்ணெயில் வெங்காயம் விழுவதுகூடக் கேட்கும். ஒட்டுக் கேட்கிற புத்தி எனக்குக் கிடையாது. ஆனால் காதைக் கழற்றி எங்கே மாட்டுவது?

கத்தி என்பது பட்டப்பெயர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலை. அக்கா அங்கே பதினாறு வருஷமாக வேலை பார்த்தாள். முதல் ஒன்பது வருஷம் கத்தி மேசையில். தோல் சீவி வரும் அன்னாசியில் மிச்சமிருக்கும் கண்களைத் தோண்டியெடுக்கிற வேலை அது. அவள் கை போகிற வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் அவளைப் பழத்தை வட்டம் வட்டமாக வெட்டும் மெஷினுக்கு மாற்றினார்கள். எட்டு மெஷின் வரிசையாக நிற்கும், இவளுடையது மூன்றாவது. அங்கேதான் ஒரு மழைநாள் காலையில், சிக்கிக்கொண்ட பழத்தைத் தள்ளப் போன கையை மெஷின் இழுத்தது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடிக்கணுவோடு போயின.

அவள் புருஷனும் அதே ஆலைதான். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறவர். தெருவில் வண்டிக்காரர் என்றால் அவர்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மாதிரி மனிதர். விபத்துக்கு அப்புறம் அந்த நாலு வார்த்தையும் குறைந்துபோனது. மனைவிக்கு இப்படி ஆனதில் உடைந்து போயிருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விபத்து நடந்த மறுநாளே அவருடைய அக்கா ஒரு பையோடு வந்து இறங்கிவிட்டாள். மனசு கெட்டவள் இல்லை. இரவும் பகலும் பக்கத்தில் இருந்து கட்டுப் பிரித்து, தலை வாரிவிட்டு, துணி துவைத்துப் போட்டவள் அவள்தான். ஆனால் புண்பட்ட உடம்புக்குப் புளிப்பு ஆகாது, காரம் ஆகாது, மீன் ஆகாது, பழம் ஆகவே ஆகாது என்று அவளுக்கு ஒரு சட்டம். கஞ்சி. காலையில் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறு, சாயங்காலம் மறுபடியும் கஞ்சி. அந்த வீட்டுப் பக்கமிருந்து எனக்கு மூன்று வாரமாக வெந்நீர் வாசனைதான் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நல்ல மழை. தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தையும் மீறி அக்காவின் குரல் கேட்டது.

"நகருங்க அண்ணி."

"எதுக்கு?"

"சமைக்கணும்."

"அதான் கஞ்சி வச்சிட்டேனே."

"அதை நீங்க குடிங்க. இருபத்தி மூணு நாளா குடிச்சாச்சு. எனக்குப் போனது விரல், நாக்கு இல்ல."

"கத்தியை எதுல பிடிப்பே?"

"இந்தக் கையில."

"அந்தக் கையையும் வெட்டிக்கிட்டா?"

"அப்ப காலால சமைக்கறேன். நகருங்க."

கொஞ்ச நேரத்தில் அக்கா நனைந்துகொண்டே என் வாசலில் நின்றாள். வலக்கையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். இடக்கையில் காய் வெட்டும் பலகை.

"டெய்லர், இதுல ரெண்டு ஆணி அடிச்சுத் தாங்க. முனை மேல வந்து நிக்கணும்."

"எதுக்கு அக்கா?"

"பிடிச்சுக்க ஒரு கை வேணுமில்ல. ஆணி பிடிச்சுக்கட்டும்."

அடித்துக் கொடுத்தேன். வெங்காயத்தை அந்த முனைகளில் குத்தி நிறுத்தி, பழகாத இடக்கையால் வெட்டத் தொடங்கினாள். ஒரு வெங்காயத்துக்கு அரை மணி நேரம் ஆனது. பதினாறு வருஷம் கத்தி என்று பெயர் வாங்கினவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி வெட்டினாளாம். நாத்தனார் பின்னால் நின்று வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது வெங்காயத் துண்டா, கதவுக்கு வைக்கிற ஆப்பா?"

"வெந்தா எல்லாம் ஒண்ணுதான்."

"இந்தத் துண்டு வேக விறகு பத்தாது, வீட்டையே கொளுத்தணும்."

"வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்துட்டு, அந்த மாங்காயை எடுத்துக் குடுங்க அண்ணி."

அன்றைக்கு அவள் வைத்தது பருப்பு. அதில் தோலோடு பெரிய பெரிய துண்டாக மாங்காய், கிள்ளிப் போட்ட மிளகாய், மேலே எண்ணெயில் சிவந்த பூண்டு. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வெங்காயம் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் மாங்காய்ப் புளிப்பு ஏறியவுடன் மூன்று வாரத்து வெந்நீர் வாசனை என் மூக்கிலிருந்தே கழன்று போனது. நானும் என் மனைவியும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் தினம் ஒன்று. வெட்டு வேலை குறைவாக, தீ வேலை அதிகமாக இருக்கிற சமையலாகப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பழுத்த பப்பாளியைக் கத்தி தொடாமல் கரண்டியால் வழித்தெடுத்து, உப்பும் மிளகாயும் எலுமிச்சையும் பிசறி வைப்பாள். வாழைப்பழத்துக்கு விரல் நுனி போதும், தோல் தானாக விட்டுக்கொடுக்கும். முட்டையை ஒற்றைக் கையால் உடைக்க நாலு முட்டை பாழானது. ஐந்தாவது முட்டை அழகாகத் திறந்தது. மீனை முழுசாகவே உப்பும் மஞ்சளும் தடவி, வாழையிலையில் சுற்றிச் சட்டியில் போட்டு மூடிவிடுவாள். தேங்காய் துருவுவதுதான் முடியவில்லை. அதை நாத்தனாரிடம் தள்ளிவிட்டாள்.

"என்னை வேலை வாங்கறியா?"

"கஞ்சி வைக்கத் தெம்பு இருந்ததில்ல? துருவுங்க."

அவள் துருவினாள். திட்டிக்கொண்டே துருவினாள். மூன்றாம் நாள் திட்டு பாதியாகக் குறைந்தது; ஐந்தாம் நாள், "பாலை ரொம்பக் கொதிக்க விடாதே, திரிஞ்சிடும்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

வண்டிக்காரர் மட்டும் மாறவில்லை. வேலை முடிந்து வருவார், கைகால் கழுவுவார், தட்டின் முன்னால் உட்காருவார். நல்லா இருக்கு என்றும் சொல்லமாட்டார், உப்பு கூட என்றும் சொல்லமாட்டார். மனைவியின் கட்டுப் போட்ட கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்துச் சாப்பிடுவார். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அது என் கண்ணில் பட்டது. பாவம், பார்க்கச் சகிக்காமல் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

முப்பதாம் நாள் வாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை. அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பேசினார். அவர் பேசியதே அதிசயம் என்பதால் நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஆபீசர் வர்றாராம்."

"எந்த ஆபீசர்?"

"ஆளுங்களைப் பார்த்துக்கறவர். நம்ம பர்சனல் ஆபீசர்."

"எதுக்கு வர்றார்?"

"உன்னைப் பார்க்க."

"பார்த்தா முளைச்சிடுமா?"

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஒரு பேப்பர் இருக்காம். நீ கையெழுத்துப் போடணுமாம்."

"என்ன எழுதியிருக்கு?"

தாள் பிரிக்கிற சத்தம் கேட்டது. முன்கூட்டியே ஒரு நகல் கொடுத்தனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. அக்கா வாய்விட்டுப் படித்தாள்.

"'வேலை நேரத்தில் மெஷினின் பாதுகாப்பு மூடியை நானே கழற்றினேன். என்னுடைய கவனக்குறைவால்...' இது யார் எழுதினது?"

"ஆபீஸ்ல."

"நான் கழட்டினேனா? மூடியே இல்லாத மெஷின்ல எதைக் கழட்டறது?"

நாத்தனார் நடுவில் புகுந்தாள். "இந்தா பாரு. விரல் போனது போச்சு. அழுதா வராது. நீ மாட்டேன்னு நின்னா நாளைக்கு இவனையும் வெளிய தள்ளுவாங்க. ஒரு வீட்டுல ரெண்டு பேரும் உக்காந்துட்டா அடுப்புல எதைப் போடுவே? போட்டுத் தொலை கையெழுத்தை."

"அண்ணி, இவ்வளவு பெரிய தகரம். நாலு திருகு. அது இருந்திருந்தா என் கை உள்ளயே போயிருக்காது. சீசன் வந்ததும், பழம் சிக்குறப்பல்லாம் மூடியைத் திறந்து மூடினா நேரம் போகுதுன்னு எட்டு மெஷின்லயும் எடுத்துட்டாங்க. மூணு மாசமாச்சு. எடுத்தது யாருன்னு இதுல எழுதல. என் பேரை எழுதியிருக்காங்க."

"அதுக்காக?"

"நாளைக்கு அந்த மூணாவது மெஷின்ல வேற ஒருத்தி நிப்பா. அவ விரல் போனா, அவளே கழட்டினான்னு இன்னொரு பேப்பர் வரும். என்கிட்ட வாங்கினதைக் காட்டி அவகிட்டயும் வாங்குவாங்க." அக்காவின் குரல் உயரவில்லை. ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே முதுகு நிமிர்ந்தது. "எடுத்தது யாருங்க? உங்களுக்குத் தெரியாதா?"

தட்டு மேசையில் உரசியது. வண்டிக்காரர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். செருப்புச் சத்தம் மழைத்தண்ணீரில் சளசளவென்று தெருமுனை வரை போனது.

திரும்பி வந்தவரிடம் அக்கா சொன்னது ஒன்றுதான். "அவரை வரச் சொல்லுங்க. சும்மா வந்துட்டுப் போக வேணாம். ஏழு மணிக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க."

ஞாயிறு காலையில் அவளே சந்தைக்குப் போனாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மறைக்காமல் போனாள். முன்பெல்லாம் முந்தானைக்குள் வைத்திருப்பாள். கறிக்கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நல்ல கறி தீர்ந்துவிட்டது, கிழட்டுக் கறிதான் இருக்கிறது, வேகாது என்றாராம். "வேக வைக்கறது என் பாடு, போடுங்க" என்று வாங்கி வந்தாள். கூடவே இரண்டு அன்னாசி, ஒரு சீப்பு வாழைப்பழம், மாம்பழம் ஆறு.

அன்னாசியைப் பார்த்ததும் நாத்தனார் வாயில் கை வைத்தாள். "இந்தப் பழத்தை இன்னுமா வீட்டுக்குள்ள விடறே?"

"பழம் என்ன பண்ணுச்சு அண்ணி? அதும் நம்மள மாதிரி வெட்டுப்படத்தானே வருது."

தெருவில் ஆலை வேலை செய்கிற பெண்கள் யாரும் அன்னாசி வாங்கமாட்டார்கள். பத்து மணி நேரம் அந்தச் சாற்றில் கை ஊறினால் வீடு வந்ததும் அந்த வாசனையே குமட்டும். கையுறை போட்டாலும் சாறு உள்ளே இறங்கும். தோல் உரிந்து, நகக்கண் வெந்து, சோற்றில் கை வைத்தால் உப்புப் பட்டுக் கத்துவார்கள். அக்கா அன்றைக்கு அந்தப் பழத்தை ஆணிப் பலகையில் நிறுத்திச் சீவினாள். முன்னைப் போல இல்லை. கண்களில் பாதி அப்படியே நின்றது. ஆனால் கத்தி தடுமாறவில்லை. நடுத்தண்டை நசுக்கிச் சாறெடுத்துக் கிழட்டுக் கறியில் பிசறி, ஒரு மணி நேரம் மூடி வைத்தாள்.

"இதுக்கு மேல வச்சா கறி கூழாயிடும். கையையே தின்னுற பழம், கறி எம்மாத்திரம்?"

பிறகு கறியைப் பிழிந்து எடுத்து, இஞ்சி பூண்டு மிளகோடு இரும்புச் சட்டியில் போட்டு, தண்ணீர் விடாமல் அதன் ஈரத்திலேயே சுருள விட்டாள். இன்னொரு பக்கம் மாம்பழத்தைத் தேங்காய்ப்பாலில் போட்டு, மிளகாய் கீறி, இனிப்பும் காரமுமாக ஒரு குழம்பு. சோறு. இனிப்புக்கு, மீதி அன்னாசியைச் சர்க்கரை கருகும் பதத்தில் போட்டுப் புரட்டி, தேன் நிறம் வந்ததும் அதிலேயே வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து போட்டு இறக்கினாள். நான்கு மணிக்கே தெரு முழுக்க மணத்தது. எதிர்வீட்டு ஆள் வேண்டுமென்றே இரண்டு தடவை குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

"டெய்லர், நீங்களும் வரணும்," என்றாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே.

"நான் எதுக்கு அக்கா?"

"இத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருந்தீங்க இல்ல? இன்னைக்கு வந்து பாருங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. போனேன்.

ஆபீசர் ஏழு மணிக்குக் குடையை உதறிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பழக்கூடை, பளபளவென்று தாள் சுற்றியது. ஆலை டப்பா பழமும் இரண்டு இருந்தது அதில். அக்கா வாங்கி ஓரமாக வைத்தாள். உட்காரச் சொன்னாள். இடக்கையால் பரிமாறினாள். கரண்டி ஒருமுறை தட்டின் விளிம்பில் இடித்தது; அதற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

மனிதர் முதலில் மரியாதைக்குச் சாப்பிட்டார். அப்புறம் பசிக்குச் சாப்பிட்டார்.

"கறி பூவா இருக்கேம்மா. எந்தக் கடை?"

"கடைக்காரர் இது வேகாதுன்னார் சார். வேகாததை வேக வைக்க ஒரு வழி இருக்கு."

"இந்தக் கையோடவா இவ்வளவும் செஞ்சீங்க?"

"இந்தக் கையால சார். அந்தக் கையைத்தான் உங்க மெஷின்கிட்ட விட்டுட்டு வந்தேனே."

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். வண்டிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை. நாத்தனார் அடுப்படி வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆபீசர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.

"நல்ல குடும்பம்மா உங்களது. பிரச்னை வேணாம்னுதான் நானே நேர்ல வந்தேன். இது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். உங்க புருஷனோட வேலைக்கு ஒரு குறையும் வராது. உங்களுக்கும் லேபிள் ஒட்டற பக்கம் இலகுவா ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன்."

"இதுல எழுதினது பொய் சார்."

"பொய் நெஜம்லாம் பார்த்தா வேலை ஓடுமா? கையெழுத்துப் போட முடியலைன்னா பரவாயில்ல. கட்டை விரல் இருக்கில்ல? ரேகை போதும்." மை டப்பாவையும் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைத்துத் திறந்தார்.

அக்கா அந்த மை டப்பாவைப் பார்த்தாள். பிறகு வலக்கைக் கட்டைத் தானே பிரித்தாள். தெருவில் யாரும் அந்தக் கையை அதுவரை திறந்து பார்த்ததில்லை. இரண்டு குட்டைக் கணுக்கள், சிவந்து, பளபளத்து. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். அவள் கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.

"ஏ!" என்றார் வண்டிக்காரர்.

அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. மேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் விரலை வைத்து எடுத்தாள்.

"பாருங்க சார்."

ஆபீசர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு கறுப்புப் பொட்டு. சுழி இல்லை, கோடு இல்லை. மிளகு நசுங்கின மாதிரி ஒரு வெறும் கறை.

"பதினாறு வருஷம். ரேகையைப் பழம் தின்னுடுச்சு. விரலை மெஷின் தின்னுடுச்சு. மிச்சம் இருக்கறது என் பேரு ஒண்ணுதான். அதையும் உங்க பேப்பருக்குக் குடுக்கணுமா?"

வண்டிக்காரர் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்து நின்றார்.

"மூடியை எடுத்துட்டுப் போனது நான்."

ஆபீசர் சட்டென்று நிமிர்ந்தார். "உக்காருப்பா."

"எட்டு மூடி சார். ஒரே நடையில ஏத்திட்டுப் போனேன். பின் கொட்டகையில, உடைஞ்ச அடுக்குத் தட்டுங்களுக்குப் பின்னாடி, பச்சைத் தார்ப்பாய் போட்டு வச்சிருக்கேன். மேனேஜர் எடுத்துட்டுப் போன்னார். பக்கத்துல நீங்க நின்னீங்க. எங்க வைக்கறதுன்னு நான் கேட்டப்ப, கண்ணுல படாத இடமாப் பார்த்து வைன்னு சொன்னது நீங்க."

"யோசிச்சுப் பேசு."

"முப்பத்தி ரெண்டு நாளா யோசிச்சேன் சார். சோறு இறங்கல."

"உனக்கு வேலை வேணும்தானே?"

இதற்கு அவர் பதில் சொல்வதற்குள் அடுப்படி வாசலிலிருந்து நாத்தனார் பாய்ந்து வந்துவிட்டாள். கையில் குழம்புக் கரண்டி.

"என்ன சார், என் தம்பியை என் எதுக்கவே மிரட்டறீங்க? சாப்பிட்ட கை இன்னும் காயல! வெள்ளிக்கிழமை நானே சொன்னேன், போட்டுத் தொலைன்னு. தப்பு எங்க மேலயும் இருக்கும்னு நெனச்சேன். ஒளிச்சு வச்சுட்டு வந்து, இவ பேர்ல எழுதி எடுத்துட்டு வந்திருக்கீங்களே, உங்க வீட்டுப் பொண்ணு கையா இருந்தா எழுதுவீங்களா?"

"அம்மா, நீங்க கொஞ்சம்..."

"நான் கொஞ்சம்லாம் இல்ல. நான் முழுசு."

அக்கா இதற்குள் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, என் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினாள். ஆபீசர், "அது ஆபீஸ் பேப்பர்" என்றார். "பின்பக்கம் காலியாத்தானே இருக்கு" என்றாள் அவள். இடக்கையால் எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் அவள் வெட்டின வெங்காயம் மாதிரியே ஒன்று பெரியதும் ஒன்று சின்னதுமாக விழுந்தன. எழுதி முடிக்க நேரமானது.

மூடி இல்லை. எட்டு மெஷினிலும் இல்லை. மூன்று மாதமாக இல்லை. நான் கழற்றவில்லை.

கீழே தன் பெயரை முழுசாக எழுதினாள். அடுத்து வண்டிக்காரர், "எட்டையும் எடுத்துப் போய் வைத்தவன் நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பென்சில் என்னிடம் வந்தது.

அந்த ஆலைக்கு ஏப்ரன் தைத்துக் கொடுப்பவன் நான். என் வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது. கை நின்றுவிட்டது. அரை நிமிஷம்தான் என்று சொன்னால் பொய். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் சுற்ற வரவில்லை. வண்டிக்காரர் போய் அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திச் சுற்றிவிட்டார், ஒவ்வொரு சுற்றாக. அதைப் பார்த்த பிறகுதான் நான் சாட்சி என்று போட்டு என் பெயரை எழுதினேன்.

"இது செல்லாதும்மா," என்றார் ஆபீசர்.

"சரி, நீங்க எடுத்துட்டுப் போங்க," என்றாள் அக்கா. "டெய்லர், உங்க அளவு நோட்டுல இதையே இன்னொண்ணு எழுதுங்க. அதுலயும் நாங்க கையெழுத்துப் போட்டுத் தர்றோம்."

ஆபீசர் எழுந்தார். குடையைத் தேடினார்.

"இருங்க சார். இனிப்பு இருக்கு."

"வேணாம்மா."

"அது வேற, இது வேற. என் வீட்டுல சாப்பிட வந்தவங்க பாதியில எழுந்து போனதா இருக்க வேணாம்."

அவர் உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? நாலு பேர் சுற்றி நிற்க, தேன் நிறத்தில் பளபளத்த அன்னாசித் துண்டையும் வாழைப்பழத்தையும் கரண்டியால் எடுத்து, தலை நிமிராமல் கடைசித் துண்டு வரை சாப்பிட்டார். நன்றாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். பழக்கூடையை நாத்தனார் ஓடிப்போய் அவர் கையிலேயே திணித்துவிட்டு வந்தாள்.

அவர் போன பிறகு வண்டிக்காரர் மனைவியிடம் கேட்டார், "உனக்குத் தெரியுமா, நான்தான்னு?"

"நீங்க ஏத்தறப்ப நான் மூணாவது மெஷின்லதானே நின்னேன்? பார்த்தேன்."

"ஆஸ்பத்திரியிலயே கேட்டிருக்கலாமே."

"கேட்டு வாங்கறதுக்கு அது என்ன உப்பா? நீங்களா சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா?"

அக்கா அவருடைய ஆறிப்போன தட்டை எடுத்து, சோற்றை மாற்றி, சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கறியைச் சுரண்டிப் போட்டாள். "தெரியல," என்றாள். "நல்லவேளை, தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார் என்பதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நடந்தது அதுதான்.

அப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரம் நடக்கவில்லை. மறுநாள் அவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். முற்றம் பெருக்கினார். போகிறவர் வருகிறவர் சிரித்தாலும் பெருக்கினார்; முன்னைவிட அதிகமாகப் பேசவும் செய்தார். எனக்கு ஒரு மாதம் ஏப்ரன் ஆர்டர் வரவில்லை. பிறகு வந்தது. கிழிந்த ஏப்ரனோடு எத்தனை நாள்தான் ஓட்டுவார்கள்? என் நோட்டில் எழுதின நகலை அக்காவும் நாத்தனாரும் தொழிலாளர் அலுவலகத்துக்கு எடுத்துப் போனார்கள். நாளைக்கு வா என்றார்கள்; போனார்கள். அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரமும் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறாவது தடவை ஒரு இன்ஸ்பெக்டர் கிளம்பி வந்தார். நேராகப் பின் கொட்டகைக்குப் போனார். பச்சைத் தார்ப்பாயை விலக்கினார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று நான் ஏப்ரன் மூட்டையோடு ஆலைக்குள் நின்றிருந்தேன். மேஸ்திரியம்மா ஓடி வந்து, "லேபிள் பக்கம் போயிடும்மா, உனக்கு நாற்காலி போட்டிருக்கு" என்றாள்.

"எனக்கு என் மெஷின் வேணும்."

"இந்தக் கையோடயா?"

"இந்தக் கையோடதான்."

மூன்றாவது மெஷின் முன்னால் போய் நின்றாள். மூடி மாட்டியிருந்தது. இடக்கையால் ஒவ்வொரு திருகாகத் தொட்டு ஆட்டிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நிறுத்தினாள்.

"இது ஆடுது. முறுக்குங்க."

"அப்புறம் பார்த்துக்கலாம், பழம் வந்துட்டிருக்கு," என்றார் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர்.

"வரட்டும்."

ஓடும் ரப்பர் பட்டையில் பழங்கள் வந்து குவியத் தொடங்கின. வரிசையில் மற்ற மெஷின்களும் ஒவ்வொன்றாக நின்றன. எட்டு மெஷின் பெண்களும் கையை எடுத்து ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மேலே கண்ணாடி அறையில் ஆபீசர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பிட்டர் முணுமுணுத்துக்கொண்டே திருப்புளியை எடுத்து வந்து முறுக்கினார். அக்கா ஆட்டிப் பார்த்தாள். தலையை அசைத்தாள். அவர் இன்னும் அரைச் சுற்று முறுக்கினார். மறுபடியும் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"ம், இப்ப மெஷினைப் போடுங்க," என்றாள்.